அம்மா பிடிவாதம் பிடிக்கவில்லை

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது. 9 வருடமாக அல்சைமர் மறதிநோய். இப்போது கைகளை மார்போடு மடக்கியே வைத்திருக்கிறார். நைட்டி மாற்றக் கையை இழுத்தால் இன்னும் இறுக்குகிறார். மசாஜ் செய்பவர் ஒருவர் 30 நாளில் நீட்டிவிடுவதாகச் சொல்லி, முழுப் பணத்தையும் முன்பே கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு மகள், மன்னார்குடி

பதில்: கொடுக்காதீர்கள். அம்மா வேண்டுமென்று இறுக்கவில்லை. அடுத்தவர் கையைப் பிடித்து நகர்த்தினால், தசையைத் தளரவிடச் சொல்வது மூளை. நோய் முற்றும்போது மூளைக்கு அந்தத் திறன் போய்விடுகிறது. வெடுக்கென்று இழுத்தால் இறுகும், மெதுவாக நகர்த்தினால் இளகும். பலவந்தமாக இழுத்ததில் மேற்கை எலும்பு முறிந்து வந்த பாட்டியைப் பார்த்திருக்கிறேன். பாவம், வலிக்கிறது என்று சொல்லக்கூட அவருக்கு வார்த்தை இல்லை. முன்பணம் கேட்பவர், ஆள் அனுப்பிக் கமிஷன் எடுக்கும் ஏஜென்சி, லட்சக்கணக்கில் ஸ்டெம்செல் ஊசி விற்பவர், யாரையும் வாசற்படி ஏற்றாதீர்கள்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைத் தோளில் சற்று நேரம் போடுங்கள். சூடு உங்கள் கைக்கு இதமாக இருக்க வேண்டும். பேசிக்கொண்டே, முழங்கைக்கு அடியில் தாங்கி நகர்த்துங்கள். விரல்களைப் பிரித்து இழுக்காதீர்கள். மணிக்கட்டை உள்பக்கம் மெல்ல மடக்கினால் விரல்கள் தாமாகவே விரியும். உள்ளங்கையைத் துடைத்து, நன்றாக உலர்த்தி, நகம் வெட்டி, சுருட்டிய கைக்குட்டையைப் பிடிக்கக் கொடுங்கள். துணி மாட்டும்போது விறைத்த கை முதலில். கழற்றும்போது அது கடைசி.

ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். எல்லா விறைப்பும் நோயால் வருவதில்லை. ராத்திரி கத்துகிறார் என்று கொடுக்கும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்கான சின்னாரிசின், இவையும் உடம்பைக் கட்டையாக்கும். லூயி பாடி வகை மறதிநோயில் முதலில் சொன்ன இரண்டும் உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையால் வந்தது என்றால் பெரும்பாலும் குறைக்க முடியும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதியவரிடம் "இதனால் இருக்குமா?" என்று நேராகக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாளைக்கென்று எழுதியதை இரண்டு வருடம் விழுங்கவைக்கிறோம். திரும்பிப் பார்க்க யாருக்கும் பொறுப்பில்லை. ஐந்து நிமிட ஓ.பி.யில் யார் கேட்கிறார்கள்? திடீரென விறைத்துக் காய்ச்சலும் அடித்தால் அன்றே ஆஸ்பத்திரி.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். இதைக்கூட டிஸ்சார்ஜ் செய்யும்போது எவரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆத்திரம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். டாக்டரிடம் போகும்போது சீட்டு மட்டும் போதாது. வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள்.