43 கேள்வி எழுதி வச்சிருக்கேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல

மேடம், யார்கிட்டயும் சொல்ல முடியாம உங்களுக்கு எழுதறேன். என் தம்பி போய் 14 மாசம் ஆகுது. 26 வயசு. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்கு போனவன் 11 நாள் ஐசியூல இருந்து அப்படியே போயிட்டான். அந்த 11 நாளும் வீட்ல எல்லாரும் உபவாசம் இருந்து ஜெபிச்சோம், நான் வெறுந்தரையில முழங்கால் போட்டு கேட்டேன், பொழைச்சிடுவான்னு உள்ளுக்குள்ள அவ்ளோ நிச்சயமா இருந்துச்சு, அதான் இன்னைக்கும் தாங்க முடியல.

சர்ச்ல "தேவ சித்தம்மா, கேள்வி கேக்கக்கூடாது"ங்கறாங்க. ஒரு ஆன்ட்டி, வீட்ல அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது இருக்கா பாருன்னாங்க. அன்னைலேர்ந்து கடைசி பெஞ்ச்ல உக்காந்து ஆராதனை முடியறதுக்குள்ள எந்திரிச்சு வந்துடறேன்.

ராத்திரி தூக்கம் வராதப்ப ஒரு நோட்டுல கடவுளுக்கு நம்பர் போட்டு கேள்வி எழுதறேன். 43 ஆச்சு. ஏன் அவன், ஏன் இப்ப, நாங்க கேட்டது காதுல விழுந்துச்சா இல்லையான்னு. 17வது கேள்வி, அட்மிட் ஆன அன்னைக்கு அவன் போன் பண்ணப்ப மீட்டிங்ல இருக்கேன்னு கட் பண்ணேனே, கோவப்பட்டிருப்பானா? வேலைக்கு போறேன், பிள்ளைய பாத்துக்கறேன், ஆனா ஜெபத்துக்கு உக்காந்தா வார்த்தை வரல. பதில் தெரியாம எப்படி நம்பறது? கேக்கறதே அவிசுவாசமா?
- ஒரு அக்கா

அன்பு சகோதரிக்கு,

உங்க 17வது கேள்விய விட்டு என்னால நகர முடியல. அது கடவுளுக்கு போட்ட கேள்வியே இல்லம்மா, தம்பிக்கு போட்டது. மீட்டிங்ல இருக்கறப்ப போன கட் பண்றது நாம எல்லாரும் தினம் பண்றது, அன்னைக்கு அது வெறும் காய்ச்சல் தான், இன்னைக்கு தெரிஞ்சத அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும்னு உங்கள நீங்களே விசாரிச்சிட்டிருக்கீங்க. காரணமே தெரியாம இருக்கறத விட "என்னால தான்"ங்கற காரணமாவது கிடைச்சா போதும்னு மனசு அத புடிச்சுக்கும். அந்த ஆன்ட்டி பண்ணதும் இதேதான்னு நினைக்கறேன். உங்க வீட்ல பாவம்னு ஒரு காரணம் இருந்துட்டா தன் வீட்டுக்கு அது வராதுன்னு ஒரு தைரியம். அவங்க பயத்த உங்க தலையில இறக்கி வச்சிட்டாங்க, அத நீங்க சுமக்க வேண்டாம்.

வேதத்துல வர்ற யோபு கதை உங்களுக்கு தெரியும், தப்பு பண்ணாமலே பிள்ளைங்களையும் சொத்தையும் இழந்தவன். சிநேகிதர் 3 பேரும் 7 நாள் ஒண்ணும் பேசாம கூட உக்காந்திருந்தாங்க, அதுதான் அவங்க செஞ்சதுலயே நல்ல காரியம். அப்புறம் வாயத் திறந்து, நீ ஏதோ பாவம் பண்ணிருக்கேன்னு ஆரம்பிச்சாங்க. யோபு கத்தினான், பிறந்த நாளையே சபிச்சான், கடவுள்கிட்ட நியாயம் கேட்டான். கடைசி அதிகாரத்துல கடவுளுக்கு கோவம் வந்தது யார் மேல? எல்லாத்துக்கும் பதில் வச்சிருந்த அந்த 3 பேர் மேல, கேள்வி கேட்டவன் மேல இல்ல. யோபுக்கு ஏன்னு கடைசி வரைக்கும் சொல்லப்படவே இல்ல, படிக்கற நமக்கு முதல் ரெண்டு அதிகாரத்துலயே தெரிஞ்சது கூட அவனுக்கு தெரியாது. ஆனா பேச்சு அறுந்து போகல. நம்பிக்கைன்னு நான் சொல்றது அதத்தான். நோட்டுல 43 கேள்வி எழுதறவ கடவுள விட்டுப் போனவ இல்லம்மா, காதே இல்லன்னு நினைக்கற ஆள்கிட்ட யாரும் ராத்திரி முழிச்சிருந்து கேக்க மாட்டாங்க.

ஜெபம் வரலன்னா வரல, உங்க வார்த்தைய தேடாதீங்க. 88வது சங்கீதத்த சத்தமா படிங்க. மத்த புலம்பல் சங்கீதங்கள் மாதிரி கடைசில துதியா திரும்பாது, இருட்டுலயே முடியும். அதையும் வேதத்துல வச்சிருக்காங்களே.

நோட்டு விஷயத்துல மட்டும் ஒண்ணு சொல்றேன். ராத்திரி அதே கேள்வியவே சுத்தி சுத்தி எழுதறது மனசு அசைபோடறது, அது தூக்கத்த தின்னுடும். பகல்ல 15 நிமிஷம், தொடர்ந்து 4 நாள், 17வது கேள்விய தம்பிக்கே லெட்டரா எழுதுங்க, கட் பண்ண அந்த போன்ல அவன்கிட்ட என்ன பேசிருப்பீங்களோ அத. இந்த மாதிரி எழுதற முறைய ஜேம்ஸ் பென்னேபேக்கர்ங்கற உளவியலாளர் 1986ல ஆராய்ச்சியாவே பண்ணிருக்காரு. எழுதி முடிச்சதும் கொஞ்ச நேரம் இன்னும் பாரமா இருக்கும், பயப்படாதீங்க, ரொம்ப தாங்கலன்னா நிறுத்திடுங்க.

வருஷம் தாண்டியும் துக்கம் விடாம நாள நகர்த்த முடியாம பண்ணா, அத நீடித்த துக்கம்னு 2022ல அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேட்டுல தனியாவே சேர்த்தாங்க. நீங்க அந்த அளவுல இருக்கீங்கன்னு லெட்டர மட்டும் வச்சு சொல்ல மாட்டேன். ஆனா பாதி ராத்திரிக்கு மேல தூக்கமே இல்லன்னா, இல்ல தம்பி கூடவே போயிடலாம்னு ஒரு நினைப்பு வந்தா, அன்னைக்கே வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு டாக்டர பாருங்க. விசுவாசம் இருக்கறவங்களும் மாத்திரை சாப்பிடலாம்.

சர்ச்ல கடைசி பெஞ்ச்லயே உக்காருங்க, முன்னாடி வரணும்னு ஒண்ணுமில்ல. நோட்டையும் மூடி வைக்க வேண்டாம், 44வது வந்தா எழுதுங்க.