பூப்பந்து வீரர் திரும்பி வரும் காட்சி: சிரிப்பை எங்கே தேடுவது?

உங்கள் நகைச்சுவைத் திரைக்கதையில், 2004இல் ஓய்வுபெற்ற பூப்பந்து (பேட்மின்டன்) வீரர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் மறுபடி ரேக்கெட் பிடிக்கும் முதல் காட்சி எடுபடவில்லை என்றீர்கள். மூச்சிரைப்பு மட்டும் இரண்டு நிமிடம்கூடத் தாங்காது, சகோ. விதிமாற்றத்தைப் பிடியுங்கள்.

அவர் காலத்தில் சர்வீஸ் போட்டவர் வென்றால்தான் புள்ளி; தோற்றால் சர்வீஸ் மட்டும் மாறும். 15 எடுத்தால் ஆட்டம். 2006இல் யார் ரேலியை (ஒரு சர்வீஸில் தொடங்கும் அடி பரிமாற்றத்தை) வென்றாலும் புள்ளி, 21 வரை என்று மாறியது. தன் சர்வீஸில் எதிராளிக்குப் புள்ளி ஏறும்போதெல்லாம் நடுவரிடம், "என்னா லா, சர்வீஸ்தானே மாறுது!" என்று மல்லுக்கு நிற்கட்டும். தனக்கு 15 வந்ததும் கைகுலுக்க வலைக்கு ஓடட்டும். இதற்குப் புள்ளிப்பலகை ஃபிரேமிலேயே இருக்கவேண்டும். வெட்டிக் காட்டினால் சிரிப்பு செத்துவிடும்.

முன்பு சர்வீஸை கடைசி விலா எலும்புக்குக் கீழே அடிக்கவேண்டும். 2018இல் பன்னாட்டுப் போட்டிகளுக்குத் தரையிலிருந்து 1.15 மீட்டர் என்று வந்தது. நடுவர் அளவுகோலைக் காட்ட, இவர் சட்டையைத் தூக்கி விலாவைத் தேடுகிறார். தொப்பை விடவில்லை.