வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

பினாங்கில் 22 வருஷமாகக் கார், மோட்டார் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். சமிக்ஞை விளக்கில் நிற்பதைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்து குவிந்ததில் சில இவை.

அண்ணே, மஞ்சள் விழுந்ததும் நின்றேன். பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். போயிருக்கணுமா? (ஜெலுத்தோங்)

நின்றதுதான் சரி, தம்பி. நிற்க வேண்டிய வெள்ளைக் கோட்டை நெருங்கிவிட்டோம், இனி பிரேக் போட்டால் ஆபத்து என்கிறபோது மட்டும்தான் மஞ்சளில் போகலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 17 மீட்டர் ஓடுகிறது. விளக்கைப் பார்த்துக் கால் பிரேக்குக்கு வருவதற்குள்ளேயே ஒரு வினாடி போய்விடும். காய்ந்த ரோட்டில் நிற்க மொத்தம் 45 மீட்டராவது வேண்டும். பத்து கார் நீளம்! மழை என்றால் இன்னும் அதிகம்.

பினாங்கு கிரீன் லேன் ரோட்டில் போகும்போது தூரத்திலேயே பச்சை எரிந்துகொண்டிருந்தால் நான் அதை நம்புவதில்லை. எப்போது வந்த பச்சையோ! எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்ப்பேன். லாரி ஒட்டிக்கொண்டு வந்தால் பிரேக்கை முன்கூட்டியே லேசாகத் தொடுவேன். பின்விளக்கு எரிவதைப் பார்த்தால் அவரும் அடக்கிக்கொள்வார்.

முன்சக்கரம் மட்டும் கோட்டைத் தாண்டி நின்றால் குற்றமா? (செந்தூல்)

சிவப்பில் கோட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். சிவப்பை மீறினால் 300 வெள்ளி (ரிங்கிட்) சம்மன், கெஜாரா என்கிற குற்றப்புள்ளி முறையில் 4 புள்ளி. தாண்டிவிட்டோமே என்று பதறி ரிவர்ஸ் எடுக்காதீர்கள். பின்னால் மோட்டார் வந்து ஒட்டி நிற்கும்.

விடியற்காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போகிறேன். என் கப்சாய்க்கு (சின்ன மோட்டார்) பச்சையே விழமாட்டேங்குது, அண்ணே. (பட்டர்வொர்த்)

தங்கச்சி, கோட்டுக்கு முன்னால் தாரைக் கீறிக் கறுப்புப் பசை பூசிய கட்டம் தெரிகிறதா? அடியில் கம்பிச்சுருள் இருக்கிறது. மேலே உலோகம் வந்து நின்றால்தான் விளக்கை இயக்கும் பெட்டிக்குத் தகவல் போகும். எல்லாச் சந்தியிலும் கிடையாது. இருக்கும் இடத்தில் நடுவில் நிற்காமல், நீளவாக்கில் போகும் கீறல் மேலேயே இரண்டு சக்கரமும் வருகிற மாதிரி நில்லுங்கள். கோட்டைத் தாண்டி நின்றால் சுருளையும் தாண்டிவிடுவீர்கள், அப்புறம் பின்னால் கார் வந்தால்தான் விமோசனம். பொறுமை போய்ச் சிவப்பில் பாய்வதை மட்டும் செய்யாதீர்கள். அந்த நேரத்தில்தான் எதிரே வருகிறவனும் யாரும் இல்லை என்று நினைத்து வருவான்.

இடது பக்கம் திரும்ப சிவப்பில் போகலாமா?

போகலாம் என்று பலகை இருந்தால், அல்லது விளக்குக்கு உட்படாத தனி வளைவுப் பாதை இருந்தால் வழிவிட்டுப் போகலாம். இல்லையென்றால் நில்.

பிரிக்ஃபீல்ட்ஸில் சாயந்திரம் பச்சை இருந்தும் நான் நகரவில்லை என்று திட்டுகிறார்கள்.

சந்தி நடுவில் ரோட்டில் போட்டிருக்கும் மஞ்சள் கட்டத்துக்கு அந்தப் பக்கம் உங்கள் காருக்கு இடம் இருந்ததா? இல்லையென்றால் திட்டட்டும். பச்சையை நம்பி உள்ளே போய் மாட்டிக்கொண்டால் நாலு பக்கமும் அடைத்துக்கொள்ளும்.

தைப்பூசத்தன்று போலீஸ்காரர் ஒன்று காட்ட, விளக்கு வேறொன்று காட்டினால்?

போலீஸ்காரர் கைதான் கணக்கு.

ராத்திரி மழையில் கோடே தெரியவில்லை, அங்கிள். எங்கே நிற்பது?

கோட்டுக்குப் பக்கத்திலேயே இடது ஓரம் ஒரு விளக்குக் கம்பம் இருக்கும் பாரும்மா. சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தபடியே அந்தக் கம்பத்து விளக்கு தெரிய வேண்டும். கழுத்தை வளைத்துப் பார்க்க வேண்டியிருந்தால் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டாய்.