நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் கேட்க (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் ஹூஸ்டனில் இருக்கிறோம். ஏப்ரல் கடைசியில் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் திருவிழாவுக்கு நான்கு நாள் போவதாகத் திட்டம். ஆனால் நிகழ்ச்சிப் பட்டியலின் மேல்வரிசையில் பெரும்பாலும் ராக், பாப் பாடகர்கள்தான். அந்த ஊரில் ஜாஸ் இன்னும் ஊர்க்காரர்களின் இசைதானா, இல்லை சுற்றுலா வருபவர்களுக்காக வைத்திருப்பதா? அங்கே சாவு ஊர்வலத்தில் வாத்தியம் வாசித்து ஆடிக்கொண்டு போவார்களாமே, அதைப் பார்க்க முடியுமா? எப்படிக் கேட்பது, எப்போது கைதட்டுவது என்றும் சொல்லுங்கள்.

எஸ்., ஹூஸ்டன்

அன்புள்ள எஸ்.,

ஊர்க்காரர்களின் இசைதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் தெருவுக்குப் போனால் தெரிந்துவிடும். உங்கள் நான்கு நாளில் ஒரு ஞாயிறு கட்டாயம் இருக்கட்டும்.

அடிமை முறை ஒழிந்த பிறகு, காப்பீட்டு நிறுவனங்கள் கறுப்பின மக்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், அவர்கள் சந்தா போட்டுச் சங்கங்கள் தொடங்கினார்கள். வைத்தியச் செலவு, அடக்கச் செலவு இரண்டையும் சங்கம் பார்த்துக்கொள்ளும். அடக்கத்துக்கு வாத்தியக் குழுவையும் அனுப்பும். 1884-ல் தொடங்கிய யங் மென் ஒலிம்பியன் சங்கம் இன்றும் இருக்கிறது. இத்தகைய சங்கங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கொரு முறை தன் பேட்டையில் ஊர்வலம் விடும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஜூன் வரை, ஏறக்குறைய எல்லா ஞாயிறும் ஏதாவதொரு சங்கத்தின் முறை. சங்கத்தாரும் வாத்தியக் குழுவும் முதல் வரிசை. பின்னால் ஆடிக்கொண்டு வரும் ஊர் ஜனம் இரண்டாம் வரிசை, அதாவது செகண்ட் லைன். ஊர்வலத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. சீட்டு கிடையாது, யாரும் சேர்ந்துகொள்ளலாம்.

பாதை விவரம் அந்த வாரத்தில்தான் வரும். டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட் என்ற சமூக வானொலியின் (90.7 எஃப்.எம்.) தளத்தில் பாருங்கள். அனுமதி பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்குத்தான் என்பதால் ஊர்வலம் தாமதித்து நிற்காது, நடை வேகமாகவே இருக்கும். தொடக்கத்தைத் தவறவிட்டால் பின்னாலேயே ஓடாதீர்கள். பாதைத் தாளில் இளைப்பாறும் இடங்கள் போட்டிருக்கும், அடுத்த இடத்துக்கு முன்கூட்டியே போய் நில்லுங்கள். பல ஊர்வலங்கள் தொடங்கிய இடத்தில் முடிவதில்லை. காரை எங்கே விடுவது என்று அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

நடந்துகொண்டே முழு ட்ரம் செட்டை வாசிக்க முடியாது. அதனால் ஸ்நேர் (அடியில் கம்பிகள் கட்டிய சிறிய ட்ரம்) ஒருவரிடம், பாஸ் ட்ரம் (கனத்த ஒலி தரும் பெரிய ட்ரம்) இன்னொருவரிடம். பாஸ் ட்ரம்மின் மேல் ஒரு சிம்பல், அதாவது உலோகத் தட்டு, பொருத்தியிருக்கும். அதை வளைத்த கம்பியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ தட்டுவார்கள். அந்தக் கூர்மையான ஒலி கூட்ட இரைச்சலையும் தாண்டிக் கேட்கும். ட்ராம்போனின் குழாயை முன்னால் நீட்ட இடம் வேண்டும், ஆகவே அது வழக்கமாக முன்வரிசையில். சூசாஃபோனும் (உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய ஊதுவாத்தியம்) ட்ரம்களும் பின்னால். புதிதாக வருபவர்கள் படம் எடுப்பதற்காகக் குழுவுக்கு முன்னால் பின்னோக்கி நடப்பார்கள். ஆடுபவர்களுக்கு இடைஞ்சல், தாளமும் காதில் விழாது. சூசாஃபோனுக்குப் பக்கவாட்டில், கயிற்றுக்கு வெளியே நடங்கள். அந்தக் கயிறு சங்கத்தாரையும் குழுவையும் கூட்டத்திலிருந்து பிரிப்பது. அதற்குள் நுழையக் கூடாது.

பாஸ் ட்ரம்மைக் கேட்டு எட்டு அடி எண்ணுங்கள். சாதாரண ராணுவ நடைமெட்டில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழில் அழுத்தம் விழும். இங்கே எட்டாவது அடியில் ஓர் அழுத்தம் கூடுதலாக விழும். பிக் ஃபோர் என்பது இதுதான். நான்கு அடி சேர்ந்தது ஒரு பார், அதாவது ஒரு தாளச் சுற்று; இரண்டாவது பாரின் நான்காம் அடி அது. உடம்பு முன்னால் தள்ளப்படுவது போலிருக்கும். இது பிடிபட்டால் ட்ரம்பெட் எங்கே சுற்றிப் போனாலும் நீங்கள் தொலைந்துபோக மாட்டீர்கள். க்ளெய்போர்ன் அவென்யூவின் நெடுஞ்சாலைப் பாலத்தடியில் ஊர்வலம் நுழைந்தால் குழு இன்னும் பலமாக ஊதும், கான்கிரீட் அவ்வளவு ஒலியையும் திருப்பித் தரும். அந்தப் பாலத்துக்காக 1960-களில் கறுப்பினத்தாரின் கடைவீதியையும் அதன் ஓக் மரங்களையும் அழித்தார்கள். அதற்கடியில்தான் இப்போது இவர்கள் ஆடுகிறார்கள்.

ஊர்வலச் செலவு முழுவதும் சங்கத்தாருடையது. உடை, வாத்தியக் குழு, போலீஸ் பாதுகாப்புக் கட்டணம் எல்லாம். 2005-ல் வந்த கத்ரீனா புயலுக்குப் பிறகு நகர நிர்வாகம் அந்தக் கட்டணத்தைக் கடுமையாக ஏற்றியது. சங்கங்கள் 2006-ல் வழக்குப் போட்டன, 2007-ல் கட்டணம் குறைந்தது. வழியில் வண்டியில் சோறும் தண்ணீரும் விற்பவர்களிடமே வாங்குங்கள்.

சாவு ஊர்வலத்தைத் தேடிப் போகாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் துக்கம். முறை மட்டும் சொல்கிறேன். போகும்போது மெதுவான துக்கப் பாட்டு, ஸ்நேரின் கம்பிகளைத் தளர்த்திக் கம்மிய ஒலியில். இறந்தவரின் உடலை வழியனுப்பிவிட்டு ஊர்வலம் பிரிந்த பிறகுதான் கம்பிகளை இறுக்கி வேக மெட்டு, ஆட்டம்.

திருவிழாவையும் விட்டுவிடச் சொல்லவில்லை. 1970-ல் காங்கோ சதுக்கத்தில் தொடங்கியபோது வந்தவர்கள் சுமார் 350 பேர்தான், வாசித்தவர்கள் முதலான பங்கேற்றவர்களின் எண்ணிக்கையில் ஏறக்குறைய பாதி. ஜாஸ் மேதை ட்யூக் எலிங்டனும் கிறிஸ்தவப் பக்திப் பாடகி மஹாலியா ஜாக்சனும் வந்திருந்தார்கள். 1972 முதல் குதிரைப் பந்தய மைதானத்தில் நடக்கிறது. பெரிய மேடைகளை மறந்துவிட்டு எகானமி ஹால் கூடாரத்தில் உட்காருங்கள். பழைய பாணி ஜாஸ் அங்கேதான். ஒரு கச்சேரிக்கு இடம் வேண்டுமானால் அதற்கு முந்தைய கச்சேரியிலேயே போய்விட வேண்டும். பழைய பாணியில் ட்ரம்பெட் மெட்டைப் பிடித்துக்கொள்ளும், க்ளாரினெட் அதன் மேலே கொடி சுற்றும், ட்ராம்போன் அடியில் இழுத்துக்கொண்டு வரும். மூன்றும் ஒரே நேரத்தில். முதல் சுற்றில் ட்ரம்பெட்டை மட்டும், அடுத்ததில் க்ளாரினெட்டை மட்டும் தொடருங்கள். தனி வாசிப்பு முடிந்ததும் கைதட்டலாம். ஆனால் சுருக்கமாக, இல்லாவிட்டால் அடுத்தவரின் முதல் அடிகள் அதில் அமுங்கிப் போகும்.

செலவு இடித்தால் அதே ஏப்ரலில் சற்று முன்னால் ஃப்ரெஞ்ச் குவார்ட்டர் திருவிழா வரும், நுழைவு இலவசம். 1984 முதல் நடக்கிறது, உள்ளூர்க் கலைஞர்களே அதிகம்.

இரவுக்கு ப்ரெசர்வேஷன் ஹால். 1961-லிருந்து அதே பழைய அறை, மைக் கிடையாது, ஒரு கச்சேரி முக்கால் மணி நேரம். சீட்டை முன்பே வாங்கிவிடுங்கள். ஃப்ரெஞ்ச்மென் தெருவில் பல இடங்களில் நுழைவுக் கட்டணம் இல்லை, ஒரு கச்சேரிக்கு ஒரு பானம் வாங்கினால் போதும் என்பார்கள். அப்படியென்றால் வாசிப்பவர்களுக்குக் கிடைப்பதில் பெரும்பங்கு கேட்பவர்களிடம் சுற்றி வரும் டிப்ஸ் வாளியிலிருந்துதான். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு நீங்கள் ஒரு டாலர் போட்டால் ஆளுக்கு 20 சென்ட். ஒரு கச்சேரிக்கு உங்களில் ஆளுக்கு 5 முதல் 10 டாலராவது போடுங்கள். சில்லறை நோட்டுகளை ஹூஸ்டனிலிருந்தே மாற்றிக்கொண்டு போங்கள், வாளி வரும் நேரத்தில் கையில் 100 டாலர் நோட்டு மட்டும் இருந்தால் உதவாது. காதடைப்பானும் எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாகக் குழந்தைகளுக்கு.