மூச்சு எடுக்கும் இடம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பாடகி பெட்டி லவெட் பாடிய ‘லவெட்!’ ஆல்பத்தைச் சென்ற மாதம்தான் கேட்டேன். 2023இல் வந்தது. விமர்சனங்களைத் தேடிப் படித்தேன். எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு முதல் இரண்டு நாள் அந்தக் குரல் ஒட்டவே இல்லை. கரகரக்கிறது, உடைகிறது, சில இடங்களில் பாட்டு வெறும் பேச்சாகிவிடுகிறது. ஆல்பம் வந்தபோது 77 வயது, பல வருடம் யாரும் கண்டுகொள்ளாத வாழ்க்கை என்பதற்காக விமர்சகர்கள் சலுகை காட்டுகிறார்களா? கறுப்பின அமெரிக்கர்களின் இசை வகைகளில் இதை சோல் என்பதா, ப்ளூஸ் என்பதா? புதிதாகக் கேட்பவன் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

இன்னொன்று. நான் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். சுருதி பிசகாது என்று பெயர். ஆனால் “பாட்டில் உயிர் இல்லை” என்று ஒருவர் சொல்லிவிட்டார். லவெட்டின் வாழ்க்கையைப் படித்தபோது காரணம் புரிந்தது. எனக்குப் பெரிய துயரம் எதுவும் நடந்ததில்லை. அடிபட்டவர்களால்தான் அப்படிப் பாட முடியும் போலிருக்கிறது.

கவின்
ஈரோடு

*

அன்புள்ள கவின்,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் கோபம் வந்தது. அப்புறம் உங்கள் வயதை நினைத்துக்கொண்டேன். நீங்களாக யோசித்துச் சொன்னதில்லை அது. படித்த விமர்சனங்கள் எல்லாம் சேர்ந்து உங்கள் தலையில் ஏற்றியது.

முதலில் சின்னக் கேள்விகள். சோலா, ப்ளூஸா என்பது கடையில் அலமாரி பிரிப்பவர்களின் கவலை. ‘லவெட்!’ ஆல்பத்தை கிராமி விருதுக்காரர்கள் சமகால ப்ளூஸ் பட்டியலில் வைத்தார்கள். 2018இல் பாப் டிலன் பாடல்களை மட்டும் வைத்து அவர் செய்த ‘திங்ஸ் ஹேவ் சேஞ்ச்ட்’ ஆல்பத்தை அமெரிக்கானா, அதாவது அமெரிக்க நாட்டுப்புற வேர் கொண்ட இசை, பட்டியலில் வைத்தார்கள். அதே குரல்தான். அதை விடுங்கள்.

சலுகையா? இல்லை. அந்த ஆல்பத்தைத் தயாரித்து டிரம்ஸும் வாசித்தவர் ஸ்டீவ் ஜோர்டன். 2021இலிருந்து ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் மேடையில் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். பேஸ் கிட்டார் பீனோ பலாடினோ. ஸ்டீவ் வின்வுட்டும் ஜான் பட்டீஸ்டும் வந்து வாசித்திருக்கிறார்கள். இவர்கள் யாரும் ஒரு மூதாட்டியின் மேல் இரக்கப்பட்டு ஸ்டூடியோவுக்கு வருகிற ஆட்கள் இல்லை. பாடல்கள் எல்லாமே ஜார்ஜியாவைச் சேர்ந்த ராண்டல் பிராம்ப்லெட் எழுதியவை. ஒரே ஆளின் பாடல்களை எடுத்து, அத்தனையையும் தன் வாழ்க்கையில் நடந்தது போல ஆக்குவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று ஒரு பாடகராக உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2007 கடைசியில் வேலைக்காக டெட்ராய்ட் பக்கம் போனேன். ஒன்றரை வருடம் இருந்தேன். கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. கார் இல்லாதவனுக்குக் கால் இல்லாத ஊர் அது. எனக்கு லைசென்ஸ் கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை தினமும் சாயங்காலம் என்னை வீட்டில் இறக்கிவிட்டவர், எங்கள் பிரிவில் வேலை பார்த்த ஒரு கறுப்பினப் பெரியவர். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். இருபது வருடம் லைனில் நின்று வேலை செய்துவிட்டு முதுகு ஒத்துழைக்காததால் அலுவலகப் பக்கம் வந்தவர். அதிகம் பேசமாட்டார். காரில் எப்போதும் ஏதாவது பாடிக்கொண்டிருக்கும்.

ஜனவரி மாதம், பனி கொட்டிக்கொண்டிருந்தது. வண்டிகள் எல்லாம் ஊர்ந்துகொண்டிருந்தன. அப்போதுதான் வந்திருந்த ‘தி சீன் ஆஃப் தி க்ரைம்’ சிடியைப் போட்டார். பெட்டி லவெட் என்ற பெயரையே நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். ‘டாக்கிங் ஓல்ட் சோல்ஜர்ஸ்’ வந்தது. 1970இல் எல்டன் ஜான் பாடியது, பெர்னி டாப்பின் எழுதியது. மதுக்கடையில் உட்கார்ந்து ஒரு கிழட்டுச் சிப்பாய் பேசுகிற பாட்டு. அதை லவெட் பாடும்போது அங்கே சிப்பாய் இல்லை. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் இருக்கிறாள். பியானோ, அதற்கு மேல் அதிகம் எதுவும் இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. “எவ்வளவு வலி இருந்தால் இப்படிப் பாட முடியும்!” என்றேன்.

அவர் பாட்டை நிறுத்திவிட்டார்.

கொஞ்ச நேரம் வைப்பர் ஓடுகிற சத்தம் மட்டும்தான். அப்புறம் சொன்னார்: “என் அம்மா பட்ட வலியில் கால்வாசி இந்தம்மா பட்டிருக்க மாட்டார். அடுத்தவர் வீட்டுத் துணியைத் துவைத்தே எங்களை வளர்த்தாள். இரண்டு பிள்ளைகளைப் புதைத்தாள். அவளுக்கு ஒரு வரி சுருதியோடு பாட வராது.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பாட்டை முதலிலிருந்து போட்டார். “இப்போது வலியைத் தேடாதே. மூச்சைக் கேள்” என்றார். லவெட் மூச்சு எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். தடித்த விரல், நகத்தோரம் வெடித்திருந்தது. வரி முடிகிற இடத்தில் அந்த விரல் எழும் என்று நான் எதிர்பார்த்தேன். பல இடங்களில் எழவில்லை. வரி பாதியில் நிற்கும்போது எழுந்தது, கனமான ஒரு சொல் வருவதற்குச் சற்று முன்னால். அந்தச் சொல்லை முழு மூச்சோடு பாட மாட்டார் லவெட். மூச்சை நிறைய எடுத்து உள்ளேயே வைத்துக்கொண்டு, சொல்லை மட்டும் சின்னதாக வெளியே விடுவார். மிச்ச மூச்சு உள்ளே நிற்கிறது. கேட்பவனுக்குத் தொண்டை அடைப்பது அதனால்தான்.

என் வீடு வந்துசேர்வதற்குள் அந்தப் பாட்டை மூன்று முறை கேட்டிருந்தோம்.

நீங்கள் ‘உடைகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான். உடைந்துபோகவில்லை கவின், உடைக்கிறார். எங்கே உடைக்க வேண்டும் என்று தெரிந்து உடைக்கிறார். ‘பேச்சாகிவிடுகிறது’ என்ற இடங்களும் அப்படித்தான். டிலன் வேகமாகச் சொல்லிவிட்டுப் போன ‘இட் எய்ன்ட் மீ, பேப்’ பாட்டை லவெட் பாதி வேகத்துக்கு இழுத்துக் கொண்டுவந்து, ஒவ்வொரு ‘இல்லை’யையும் எதிரில் உட்கார்ந்திருப்பவனிடம் சொல்வது போலச் சொல்கிறார். நீட்டிப் பாடத் தெரியாமல் செய்வதில்லை அது. 2008 டிசம்பரில் கென்னடி சென்டர் விழாவில் தி ஹூ என்ற ராக் குழுவைக் கௌரவித்தபோது அவர்களுடைய ‘லவ், ரெய்ன் ஓவர் மீ’ பாட்டை மேடையில் பாடினார். காணொளி கிடைக்கிறது. மேல்மாடத்தில் உட்கார்ந்திருக்கும் பீட் டவுன்ஷெண்டின் முகத்தைப் பாருங்கள். தான் எழுதிய பாட்டை முதல்முறையாகக் கேட்பவரின் முகம் அது.

இப்போது துயரம் பற்றி. நீங்கள் படித்ததுதான், ஆனால் ஒழுங்காகப் படிக்கவில்லை. அதனால் திரும்பச் சொல்கிறேன்.

1962இல், 16 வயதில், ‘மை மேன்’ பாட்டைப் பாடினார். அட்லாண்டிக் என்ற இசைத்தட்டு நிறுவனம் அதை வெளியிட்டது. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏழாம் இடம் வரை போனது. அந்தப் பாட்டைத் தேடிக் கேளுங்கள். விமர்சகர்கள் “காலம் செதுக்கிய கரகரப்பு” என்று இப்போது எழுதுகிறார்களே, அந்தக் கரகரப்பு அந்தப் பதினாறு வயதுக் குரலிலேயே இருக்கிறது.

1972இல் அலபாமாவின் மசில் ஷோல்ஸுக்குப் போய் ஒரு முழு ஆல்பம் பதிவு செய்தார். ‘சைல்ட் ஆஃப் தி செவன்டீஸ்’. பத்து வருடக் காத்திருப்புக்குப் பிறகு முதல் ஆல்பம். அட்லாண்டிக் அதை வெளியிடவே இல்லை. செய்தி வந்ததும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஒலிநாடா 28 வருடம் கிடங்கில் கிடந்தது. ஜில் பெதார் என்ற பிரெஞ்சு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் அதைத் தேடிக் கண்டெடுத்து, 2000இல் ‘சூவெனிர்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்டார். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். அங்கிருந்துதான் அவருடைய இரண்டாம் சுற்று தொடங்குகிறது. 2005இல் பெண்கள் எழுதிய பாடல்களை மட்டும் எடுத்துப் பாடிய ஆல்பம், 2007இல் அதே மசில் ஷோல்ஸுக்குத் திரும்பிப் போய்ப் பதிவு செய்த ‘தி சீன் ஆஃப் தி க்ரைம்’, 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்பு விழாவையொட்டி லிங்கன் நினைவகத்தின் முன்னால் பாட்டு.

இதில் ஒன்றை நீங்கள் கவனிக்கவில்லை. 2000இல் எல்லோரும் கொண்டாடியது எந்தக் குரலை? 1972இன் குரலை. அந்த 28 வருட அவமானத்தில் ஒரு நாளைக்கூட அந்தக் குரல் பார்த்ததில்லை. அந்த நாடாவில் ஒரு நொடி கூடச் சேரவில்லை, குறையவில்லை. பிறகு எப்படி அந்தத் துயரம் அந்தப் பாட்டை உண்டாக்கியிருக்கும்? 1972இல் கேட்கத் தெரியாமல் தூக்கிப் போட்ட பாட்டு, 2000இல் அப்படியே எழுந்து நின்றது. மாறியது கேட்டவர்களின் காதுதான்.

“வலிதான் இந்தக் குரலை உருவாக்கியது” என்று விமர்சகர்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிடங்குதான் ஞாபகம் வருகிறது. அப்படிச் சொல்வது நாடாவைப் பூட்டி வைத்தவர்களுக்குக் குரு தட்சிணை கொடுப்பது போல. ஒரு பெண்ணின் 26 வயதுக் குரலை எடுத்து அலமாரியில் போட்டுவிட்டு, அவருக்கு அறுபது வயது நெருங்கும்போது “ஆஹா, காத்திருப்பு இவரைக் கனிய வைத்திருக்கிறது” என்று சொல்வது அநியாயம். அந்த 28 வருடத்தில் நமக்கு வந்திருக்க வேண்டிய ஆல்பங்கள் எத்தனை? எனக்கு அவை வேண்டும். கனிவு வேண்டாம்.

இன்னொரு கட்டுக்கதையும் உண்டு. கறுப்பினப் பாடகி என்றாலே சர்ச்சில் பாடி வளர்ந்தவர் என்று எழுதிவிடுவார்கள். லவெட் அப்படி வளரவில்லை. அவர்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு ஜூக்பாக்ஸ், காசு போட்டால் பாடும் இசைத்தட்டுப் பெட்டி, இருந்தது. அப்பா அம்மா வீட்டிலேயே சாராயம் விற்றார்கள். சர்ச்சுகளில் பாட ஊருக்கு வந்த காஸ்பெல் என்ற கிறிஸ்தவப் பக்திப் பாட்டுக் குழுக்காரர்கள் கச்சேரி முடிந்து அங்கேதான் குடிக்க வருவார்கள். குழந்தை அந்த ஜூக்பாக்ஸ் பக்கத்தில் நின்று பாட்டையெல்லாம் மனப்பாடம் செய்தது.

அப்புறம் ஜிம் லூயிஸ். லவெட்டின் மேலாளராக இருந்தவர், தானும் பேண்டில் வாசித்தவர். தன்னைப் பாடகியாக ஆக்கியவர் என்று லவெட் இவரைத்தான் சொல்கிறார். உன் ஹிட் பாட்டு மட்டும் தெரிந்தால் போதாது, பழைய பாடல்களையெல்லாம் படி, எந்த ஊரில் எந்த அறையில் நிறுத்தினாலும் பாடத் தெரிய வேண்டும் என்று விரட்டியவர். விமர்சகர்கள் ‘இருண்ட வருடங்கள்’ என்று எழுதுகிறார்களே, அந்த வருடங்களில் லவெட் இருட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. டெட்ராய்டின் சின்னச் சின்ன மதுக்கூடங்களில் பாடினார். ‘பப்ளிங் பிரவுன் ஷுகர்’ இசை நாடகத்தில் நடித்தார், ஊர் ஊராகப் போனார். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் அறையில், அதில் ஏழு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது பாடிப் பாருங்கள். ஒரு சொல்லை எப்படிச் சின்னதாக விட்டால் அந்த ஏழு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியவரும்.

கவின், “காரணம் புரிந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். புரியவில்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பதைப் போய் ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். இனி ஒருமுறை அப்படி எழுதாதீர்கள், நினைக்கவும் வேண்டாம். உங்கள் அம்மா இதைப் படித்தால் என்ன ஆவார்? உயிர் இல்லை என்று சொன்னவர் சரியாகவே சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு மருந்து யாரோ செத்துப்போவதில் இல்லை. சுருதி பிசகாத ஒருவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. மீதிப் பாதியை உட்கார்ந்து செய்ய வேண்டும்.

மேடையில் நீங்கள் அதிகம் பாடுகிற பாட்டு ஒன்றை எடுங்கள். வரிகளை ஒரு தாளில் கையால் எழுதுங்கள். போனில் பதிவு செய்து, நீங்கள் மூச்சு எடுக்கும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். எல்லாக் கோடும் வரி முடிவிலேயே விழும் என்று நினைக்கிறேன். பிறகு அந்தப் பாட்டில் எந்தச் சொல்லை இழக்க முடியாது என்று யோசித்து, கோட்டை அந்தச் சொல்லுக்கு முன்னால் நகர்த்துங்கள். ஒரு வாரம் பாடுங்கள். நன்றாக வராது. இன்னொரு வாரம் பாடுங்கள்.

முடிந்ததும் அந்தத் தாளை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பென்சில் கோடுகளை அழிக்காமல்.