ஏப்ரல் 14 அன்று தீயணைப்பு நிலையங்களில் ஏன் அஞ்சலி செலுத்துகிறார்கள்?

காரணம் ஒரு பஞ்சுத் தீ. திருப்பூரில் பனியன் வேஸ்ட் குடோன் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். 1944 ஏப்ரல் 14, பம்பாய் விக்டோரியா துறைமுகம். அங்கே நின்ற 'ஃபோர்ட் ஸ்டைகின்' கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள், கூடவே கராச்சியில் ஏற்றிய பஞ்சு பேல்கள் (இறுக்கிக் கட்டிய பொதிகள்). பஞ்சு பற்றிக்கொண்டது. பேலில் பிடித்த தீ மேலே அணைந்த மாதிரி தெரியும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். நம்ம ஊர் மில்லில் என்றால் பேலை வெளியே இழுத்துப்போட்டுப் பிரித்துத் தண்ணீர் அடிப்பார்கள், கப்பலின் அடியில் அதற்கு ஏது வழி? பம்பாய் தீயணைப்புப் படை மதியத்திலிருந்து தண்ணீர் பாய்ச்சியும் அடங்காமல் மாலை 4 மணி தாண்டி கப்பல் வெடித்தது, அரை மணி நேரத்தில் மறுபடியும். 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம்.