இ-ரீடர் வாங்குமுன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் உள்ள நூல்களில் பெரும்பகுதி ஸ்கேன் செய்த பி.டி.எஃப். ஆறு அங்குல இ-ரீடர் போதுமா?

போதாது. ஆறு அங்குலம் என்பது மூலைவிட்ட அளவு. திரையின் அகலம் 9 செ.மீ.தான். ஏ4 தாளோ 21 செ.மீ. அகலம். தாளில் 12 புள்ளி (எழுத்தின் அளவைக் குறிக்கும் 'பாயின்ட்') அளவில் இருந்த எழுத்து திரையில் 5 புள்ளிக்குச் சுருங்கிவிடும். மங்கலான ஸ்கேனில் 'ண'வின் சுழிகள் ஒட்டிக்கொண்டு 'ன' போலத் தெரியும். ஸ்கேன் பக்கம் வெறும் படம் என்பதால் எழுத்தளவைக் கூட்டும் வசதி அதில் வேலை செய்யாது. படத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்த வேண்டும். இ-ரீடரின் மின்தாள் (இ-இங்க்) திரை மெதுவாக மாறுவதால் பத்துப் பக்கத்திலேயே அலுத்துவிடும்.

10.3 அங்குலத் திரையின் அகலம் சுமார் 15.7 செ.மீ. அதே எழுத்து அதில் 9 புள்ளி அளவில் தெரியும்; வெற்று ஓரங்களை வெட்டிவிட்டால் இன்னும் பெரிதாகும். ஆனால் உங்கள் ஸ்கேன்கள் கிரவுன் அளவுப் புத்தகங்களிலிருந்து எடுத்தவை என்றால் 7.8 அங்குலமே போதும். அந்தத் திரையின் அகலமும் அசல் தாளின் அகலமும் ஏறக்குறைய 12 செ.மீ.தான்.

காசு கொடுக்குமுன் ஒரு சோதனை: கணினியில் பி.டி.எஃப்.பைத் திறந்து, பக்கத்தின் அகலம் அளவுகோலில் 9 செ.மீ. வரும்வரை சுருக்கி, அரைமணி நேரம் படித்துப் பாருங்கள்.

கேள்வி: பி.டி.எஃப்.பை, எழுத்தளவை மாற்றிப் படிக்கத்தக்க மின்நூல் வடிவமான இ-பப் ஆக மாற்றினால் தமிழ் குப்பையாக வருகிறது. வேறு கருவி வாங்கினால் சரியாகுமா?

ஆகாது, கோளாறு கோப்பில் இருக்கிறது. பழைய பி.டி.எஃப்.கள் பல, இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, டாப், பாமினி முறைகளில் தட்டச்சானவை. பாமினியில் 'அம்மா' என்பது உள்ளுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தாம். பி.டி.எஃப். தன் எழுத்துருவையும் சுமந்து வருவதால் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது. காலிபர் போன்ற மென்பொருள் அந்த எழுத்துருவை விட்டுவிட்டுக் குறிகளை மட்டும் எடுக்கும்போது வேடம் கலைகிறது.

ஒரு வரியை நகலெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளோ புரியாத குறிகளோ வந்தால் முதலில் யூனிகோடாக்கும் குறியாக்க மாற்றியில் போட்டெடுக்க வேண்டும். தமிழாகவே வந்தாலும் 'கொ' உடைந்து, கொம்பு தனியாகவும் 'கா' தனியாகவும் நிற்கலாம். அப்படியானால் மாற்றும் முயற்சியைக் கைவிட்டு, அதே நூலின் யூனிகோடு பதிப்பைத் தேடுவதே நல்லது. 1998 முதல் இயங்கிவரும் மதுரைத் திட்டம் போன்ற இடங்களில் பழைய நூல்கள் பல கிடைக்கும்.

கேள்வி: கிண்டிலா, கோபோவா?

கிண்டில் அமேசானின் இ-ரீடர், கோபோ வேறொரு நிறுவனத்தின் இ-ரீடர். நூல்களை எங்கே வாங்குகிறீர்கள் என்பதுதான் முடிவுசெய்யும். அமேசானில் பூட்டுப்போட்டு விற்கும் நூல் கோபோவில் திறக்காது. தமிழ் நூல்களை அமேசானில்தான் வாங்குவீர்கள் என்றால் கிண்டில்தான். கையிலிருக்கும் இ-பப்களைப் படிக்கத்தான் என்றால் கோபோ வசதி: கணினியிலிருந்து கம்பி வழியே நகலெடுத்தால் போதும். கிண்டிலில் அப்படி நகலெடுத்த இ-பப் திறக்காது. அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியே அனுப்பினால் மாற்றித் தரும்.

எதுவானாலும் வாங்குமுன் ஒரு தமிழ் இ-பப்பைத் திறந்து 'கெ', 'கை', 'கொ', 'க்ஷ' ஒழுங்காக அமைகின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். எழுத்துகளுக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால், கருவியில் 'ஃபான்ட்ஸ்' என்ற கோப்புறைக்குள் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருவை இட்டுச் சரிசெய்யலாம். கொம்பு எழுத்துக்குப் பின்னால் நின்றால் அது மென்பொருளின் குறை; எழுத்துரு மாற்றித் தீராது, அந்தக் கருவி வேண்டாம்.

கேள்வி: வண்ணத்திரை, கூடுதல் ஜி.பி., எதற்குப் பணம் தரலாம்?

இரண்டுக்கும் வேண்டாம். வண்ண வடிகட்டி திரையை மங்கலாக்கும். கெலைடோ 3 என்ற வண்ண மின்தாள் திரையில் வண்ணப் பகுதி அங்குலத்துக்கு 150 புள்ளிதான், கறுப்பு வெள்ளையோ 300. படக்கதை படிப்பவருக்கு மட்டும் வண்ணத்திரை பயன்படும். எழுத்து மட்டுமுள்ள நாவல் பெரும்பாலும் ஓரிரு எம்.பி.க்குள் அடங்குவதால் 16 ஜி.பி.யே தாராளம். இரவில் படிப்பவர் மஞ்சளொளி வசதிக்குக் கொடுக்கலாம். மிச்சப் பணத்தில் கெட்டி அட்டையுள்ள உறை வாங்குங்கள்: பெரும்பாலான மின்தாள் திரைகளின் அடியில் மெல்லிய கண்ணாடி இருக்கிறது, பைக்குள் ஒரு சாவிக்கொத்து அழுத்தினாலே விரிசல் விடும்.